காற்று வந்த ஓட்டை

குழாயின் முன்னால் முழந்தாளிட்டு இருந்தேன். வீட்டின் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்த தகரக் குழாய் அது. வந்ததும் கீழ்நோக்கி வளைந்து, நிலத்துக்கு ஒரு சாண் மேலே வாயைத் திறந்தபடி நின்றது. உள்ளங்கையை அதன் கீழே பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் விறைத்து, மோதிரம் தளர்ந்து சுழன்றது.

மடியில் இரண்டு பழைய பருத்திச் சேலைகள், ஒரு சின்னத் தலையணை, பெட்டி ஒட்டுகிற அகலமான ரேப்.

பக்கத்தில் பேர்னஸ் உறுமத் தொடங்கியது. வீடு முழுவதையும் சூடாக்குகிற அந்த இயந்திரத்தோடு எனக்கு அதுவரை எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. நாங்கள் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே இருந்த இரண்டு அறைகளில், வாடகைக்கு இருந்தோம். மேல் வீட்டில் வீட்டுக்காரர்கள். பேர்னஸ் அறை எங்கள் படுக்கையறைக்கு அடுத்த கதவு. அந்தக் கதவின் கீழ் இடைவெளியால் இரவு பகலாகக் குளிர் ஊர்ந்து வரும்.

முன்னறையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பனிப்புயல் தொடங்கும், காற்றோடு சேர்ந்து குளிர் கடுமையாக இருக்கும், அவசியமில்லாமல் யாரும் வெளியே போகவேண்டாம் என்று அறிவிப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். மின்சாரம் நின்றாலும் நிற்கலாம் என்றார். அந்த மாதம் ஏற்கனவே கொட்டிய பனியே வீதியோரங்களில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

ஒரு வேலையைச் செய்ய முன்னர் மூன்று தரம் யோசிக்கிறவள் நான். செய்த பிறகு முப்பது தரம் யோசிப்பேன். அன்றைக்கு அந்த மூன்று தரமும் சரியென்றுதான் பட்டது.

சேலையைச் சுருட்டிக் குழாயின் வாய்க்குள் திணித்தேன்.

சூடாக வைத்திருங்கள்

மகள் ஆரணிக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முந்தின மாதம்தான் நெஞ்சில் சளி கட்டி ஐந்து நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து வந்தது. ஐந்து நாளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் அடுத்த மூச்சு வராது என்று எனக்கு ஒரு எண்ணம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் பல விஷயங்கள் சொன்னார். எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: பிள்ளையைச் சூடாக வைத்திருங்கள். அதை அவர் அழுத்திச் சொன்னாரா, போகிற போக்கில் சொன்னாரா என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா? பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது, காதுக்குள் குளிர் போகக்கூடாது, தலை மூடியிருக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தின் மார்கழிக் குளிருக்கே தொப்பி போட்டவர்கள். ரொறன்ரோக் குளிரைக் கண்டால் விடுவோமா? ஆரணியை வெளியே கொண்டுபோனால் மூன்று உடுப்பு, இரண்டு தொப்பி, அதன் மேல் போர்வை. ஒருநாள் பஸ் தரிப்பில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கைப்பொதியை உற்றுப் பார்த்து, உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். மூச்சு விட வழி வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாளும் அதே மாதிரித்தான் சுற்றினேன்.

அந்தக் குழாயைப் பற்றி இலையுதிர் காலத்திலேயே வீட்டுக்கார அங்கிளிடம் கேட்டிருந்தேன். அதைத் தொடவேண்டாம், வீடு வாங்கும்போதே இருந்தது என்றார். எதற்கு என்று கேட்டேன். உந்த மெசினுக்குத்தான் போலை என்றார்.

'போலை' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கே நிச்சயமில்லை. ஒரு இயந்திரத்துக்கு எதற்குக் குளிர்காற்று? வீட்டைச் சூடாக்க ஒரு இயந்திரமும், அதற்குப் பக்கத்திலேயே குளிரை உள்ளே விட ஒரு ஓட்டையுமா? யாரோ பழைய ஆட்கள் எதற்கோ வைத்துவிட்டு மூட மறந்த குழாய் என்று நானே முடிவு கட்டினேன். புயல் வந்த அந்த வாரம் அங்கிள் லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பேனோ என்னவோ. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டியல்

ஆயத்தம் செய்வதில் நான் பழம் பெருச்சாளி. ஊரில் ஊரடங்கு என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டாலே எங்கள் வீட்டில் அரை மணித்தியாலத்தில் எல்லாம் நடந்துவிடும். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி, பனடோல். எந்தக் கடையின் பின்கதவு திறந்திருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அதே கையால்தான் இந்தப் பட்டியலையும் எழுதினேன். பால்மா மூன்று ரின். மெழுகுவர்த்தி. ரோச்சுக்கு பற்றரி. பாண், பருப்பு, ரின் மீன். தண்ணீர் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இருந்த சட்டி பானை எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். குளிக்கிற தொட்டியையும் நிரப்பினேன்.

வேலையால் வந்த என் கணவர் சப்பாத்தைக் கழற்றக்கூட இடமில்லாமல் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னப்பா, இயக்கம் அடிக்கப் போகுதோ, ஆமி அடிக்கப் போகுதோ?"

நான் சிரிக்கவில்லை. கடையில் வாங்கிவந்த பிளாஸ்ரிக் தாளை ஜன்னல்களில் ஒட்டச் சொன்னேன். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, தலைமயிர் உலர்த்துகிற மெசினால் சூடு காட்டினால் தாள் மேளத் தோல் மாதிரி இறுகிவிடும். எங்களுக்கு இருந்தது இரண்டே இரண்டு சின்ன ஜன்னல்கள். இரண்டையும் ஒட்டினோம். பக்கக் கதவின் கீழே ஈரமில்லாத துவாய்களைச் சுருட்டி வைத்தோம். மேல் வீட்டில் அங்கிளின் மனைவி பூமணி அன்ரி ஐப்பசியிலேயே தன் ஜன்னல்கள் எல்லாவற்றையும் இப்படி ஒட்டி முடித்திருந்தா.

கடைசியில்தான் பேர்னஸ் அறைக்குப் போனேன். அதை நான் தனியாகவே செய்தேன். இவர் அப்போது பால்மா ரின்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு சேலையும் போய், தலையணையும் போய், மேலே ரேப்பும் சுற்றியபின் கையைப் பிடித்துப் பார்த்தேன். காற்று இல்லை. துளியும் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது போல இருந்தது. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை.

புயல் வந்த காலை

இவர் வேலைக்குப் போவதா விடுவதா என்று விடிய எழும்பி வாக்குவாதப்பட்டோம். மார்க்கம் நகரில் கம்பியூட்டர் பாகங்கள் பூட்டுகிற ஒரு இடத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வராமல் நின்றால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். போனால் எப்படித் திரும்புவது என்ற பயம் எனக்கு. மூன்று மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிபோலத் தொடங்கியது. முதலில் மெல்லிய தூள். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஜன்னல்கள் நிலத்தோடு ஒட்டியவை. பனி கண்ணாடியின் அடியிலிருந்து அங்குலம் அங்குலமாக ஏறியது. வீட்டுக்குள் பகலே மங்கியது.

மின்சாரம் நிற்க முன்னர் பிள்ளையின் துணிகளை எல்லாம் உலர்த்தி எடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே உடுப்பு உலர்த்துகிற மெசினை ஓடவிட்டேன். அது பேர்னஸ் அறைக்குள்தான் இருந்தது. போர்வைகள், கம்பளிகள், சீலைத்துண்டுகள். என்னுடையது முடிய, பூமணி அன்ரி மேலேயிருந்து ஒரு கூடையை இறக்கினா. அதையும் போட்டேன். மத்தியானம் வரைக்கும் அது நிற்கவில்லை.

வீடு நன்றாகச் சூடாகியிருந்தது. பேர்னஸ் அறைக் கதவின் கீழ் காலை வைத்துப் பார்த்தேன். குளிர் இல்லை. ஜன்னலில் ஒட்டிய தாளின் பின்னால் கண்ணாடி முழுவதும் வியர்த்து, தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. வேறு நாட்களில் அங்கே ஐஸ் பூத்திருக்கும். அது உருகுகிறது என்றால் வீடு எவ்வளவு சூடு என்று பெருமைப்பட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு இவர் ரெலிபோன் எடுத்தார். பஸ்கள் ஆங்காங்கே நின்றுவிட்டதாம், எப்போது புறப்படுவேன் என்று தெரியாது என்றார். பிள்ளை எப்படி என்று கேட்டார்.

"நல்ல நித்திரை. பத்து மணிக்குப் படுத்தவள், இன்னும் எழும்பேல்லை. எல்லா ஓட்டையும் அடைச்சிட்டன். ஒரு சொட்டுக் காத்து உள்ளுக்கை வராது."

"கெட்டிக்காரி" என்றார்.

தலை இடித்துக்கொண்டிருந்தது. காலையில் தேத்தண்ணி குடிக்காததால் என்று நினைத்தேன். தேத்தண்ணி போட்டுக் குடித்தேன், வயிற்றைப் பிரட்டியது. இரவு நித்திரை இல்லை, அதுதான் என்று நினைத்தேன். எனக்கு எதற்கும் ஒரு காரணம் கையில் இருந்தது.

ஆரணி பன்னிரண்டரைக்குப் பால் குடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் தூங்காத பிள்ளை. எழுப்பலாமா, விடலாமா? தொட்டிலுக்குப் பக்கத்தில் போனேன், திரும்பி வந்தேன். இன்னொரு தரம் போனேன். மூச்சு சீராக இருந்தது. குழியவில்லை, இழுக்கவில்லை. நெற்றியில் சின்ன வியர்வை. சூடாக இருக்கிறாள், அதனால் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று விட்டேன்.

ஒன்றரை மணிக்குப் பூமணி அன்ரி தன் கூடையை எடுக்கப் படியால் இறங்கி வந்தா. அறுபது வயதை நெருங்கினாலும் தடதடவென்று இறங்குகிறவ, அன்றைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தா.

"பனடோல் கிடக்கோ பிள்ளை? விடியத் துவங்கின தலையிடி. மாறுதில்லை."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அன்ரி பனடோலைக் கையில் வைத்தபடி தொட்டிலை எட்டிப் பார்த்தா.

"இஞ்சை பார், கன்னம் ரெண்டும் எப்பிடிச் சிவந்து கிடக்கு. இப்பதான் பிள்ளை பிள்ளையாக் கிடக்கிறாள்."

மூடிய அறை எது?

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கனடாவுக்கு வர முன்னர் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு. ஓலைக் கொட்டகை, அரைச்சுவர், நீட்டு வாங்குகள். பாடப் பரப்பில் காபனோரொட்சைட்டு என்று ஒரு வாயு வரும். எரிபொருள் போதிய ஒட்சிசன் இல்லாமல் எரிந்தால் உண்டாவது. நிறமற்றது, மணமற்றது. மூடிய அறையில் எரித்தல் ஆபத்தானது. குருதியின் ஈமோகுளோபினோடு சேர்ந்து ஒட்சிசன் ஏறவிடாமல் தடுக்கும். தலையிடி, குமட்டல், மயக்கம், தோல் செந்நிறமாதல்.

ஒவ்வொரு வருடமும் இதே வரிசையில் கரும்பலகையில் எழுதுவேன். ஒருமுறை முன்வாங்கில் இருந்த ஒரு பெட்டை எழும்பிக் கேட்டாள், மூடிய அறைக்கு நாங்கள் எங்கே போவது ரீச்சர் என்று. வகுப்பே சிரித்தது.

அவள் கேட்டது நியாயம். எங்கள் ஊரில் மூடிய அறை எது? ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் குருவி போய் வரும். அடுப்படியில் புகை போக வழி விட்டுத்தான் கட்டுவார்கள். குண்டுக்குப் பயந்து வெட்டுகிற பதுங்குகுழிக்குக்கூட இரண்டு வாசல் வைப்போம். காற்றே நுழையாதபடி ஒரு வீட்டை அடைக்க வேண்டும் என்ற தேவை எங்கள் ஆட்களுக்கு எக்காலத்திலும் வந்ததில்லை. பரீட்சையில் அப்படித்தான் கேட்பார்கள், எழுது என்று சொல்லி அவளை இருத்தினேன்.

அந்தப் பாடத்தைக் குறைந்தது எட்டுத் தரம் படிப்பித்திருப்பேன். ஒருநாளும் அதை நான் எந்த வீட்டோடும் பொருத்திப் பார்த்ததில்லை.

வெளியே

அன்ரியின் தலையிடி. என் தலையிடி. குமட்டல். சிவந்த கன்னம். கரும்பலகையில் என் கையெழுத்தில் அதே வரிசை.

கதவுக்குப் பின்னால் பேர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது. அது காஸில் எரிகிற நெருப்பு என்பது அப்போதுதான் எனக்குள் போனது.

ஆரணியைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், உள்ளங்காலில் சுண்டினேன். முகத்தைச் சுளிக்கவில்லை. பக்கக் கதவுக்கு ஓடினேன். நான் வைத்த துவாய்களை உதைத்து நீக்கி உட்கதவைத் திறந்தால், வெளிக்கதவின் இடுப்பளவுக்குப் பனி குவிந்திருந்தது. தோளால் இடித்தேன். அசையவில்லை. படியேறி அன்ரியின் வீட்டுக்குள்ளால் ஓடி முன்கதவைத் திறந்தேன்.

காற்று அறைந்தது. பனி ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. காலில் வீட்டுச் செருப்பு. ஆரணியின் உடம்பில் ஒரு மெல்லிய சட்டை.

அன்ரி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவைப் பிடித்தா.

"கதவைச் சாத்து பிள்ளை. பச்சைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு என்ன வேலை பாக்கிறாய்?"

"உள்ளுக்கை இருக்கிற காத்து நஞ்சு அன்ரி. நீங்களும் வெளியாலை வாங்கோ."

"என்ன நஞ்சு? ஒரு மணமும் இல்லையே."

"மணக்காது."

"உனக்கென்ன விசரா? போன மாசம்தானே ஆஸ்பத்திரியாலை கொண்டு வந்தனீ. இந்தக் குளிர் நெஞ்சிலை இறங்கினால் பிள்ளை தப்பாது."

தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினா. நான் அதை இழுத்து எறிந்தேன். மூத்தவர்களோடு வாழ்நாளில் நான் அப்படி நடந்தது அந்த ஒரு தரம்தான்.

ஆனால் அன்ரி சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நினைப்பது பிழையென்றால், நெஞ்சு பழுதான என் பிள்ளையை நானே புயலுக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நான் நினைப்பது சரியென்றால், அந்தக் குழாயை அடைத்தவளும் நானே. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைதான் நின்றது.

ஆரணியின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். ஒரு பனித்துகள் அவள் இமையில் விழுந்து உருகியது. இன்னொன்று உதட்டில். மூச்சு வருகிறதா என்று என் கன்னத்தை அவள் மூக்கில் வைத்தேன். அந்தக் காற்றில் எது அவள் மூச்சு, எது புயல் என்று பிரிக்க முடியவில்லை. நெஞ்சில் கையை வைத்தேன். ஏறி இறங்கியது. மெதுவாக, ஆனால் ஏறி இறங்கியது.

ரெலிபோன் முன் நடையில் இருந்தது. சுருள் வயரை இழுத்து, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி 911-ஐ அழுத்தினேன்.

"பொலிசுக்கோ அடிக்கிறாய்?" அன்ரியின் குரல் தாழ்ந்துவிட்டது. "அங்கிளும் இல்லை. பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டிருக்கிறது தெரிஞ்சால் எங்களை என்ன செய்வாங்களோ."

நான் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் வெளியே நில்லுங்கள், உள்ளே போகாதீர்கள் என்று மறுமுனையில் இருந்த பெண் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னேன். அன்ரி வாசற்படியைத் தாண்டினா. பிறகு உள்ளே கையை மட்டும் நீட்டி, ஆணியில் தொங்கிய தன் பெரிய குளிர்க்கோட்டை எடுத்து என் முதுகில் போட்டா. தானும் வந்து பக்கத்தில் நின்றா. பிள்ளையின் முகத்தை மூடவில்லை. கால்களை மட்டும் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டா.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பத்து நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.

என்ன கேக்கிறார்?

தீயணைப்பு வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வர முடியவில்லை. பெரிய வீதியிலேயே அதை நிறுத்திவிட்டு, முழங்காலளவு பனிக்குள் நான்கு பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் பிள்ளையை வாங்கி, முகமூடியைப் பொருத்தி ஒட்சிசன் கொடுத்தார். அது பெரியவர்களின் முகமூடி, அவளுடைய முகம் பாதி மறைந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனைக்குட்டி முனகுவது போல. பிறகு இருமினாள். பிறகு அழுதாள். அந்த அழுகை ஏறி ஏறிப் போனது. தீயணைப்புக்காரர் சிரித்தார். நான் படியில் குந்திவிட்டேன்.

உள்ளே போனவர்களின் கையில் இருந்த கருவி வாசலிலேயே கத்தத் தொடங்கியதாம். வீடு முழுவதையும் திறந்து, பேர்னஸை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பின்னால் வந்தவரின் கையில் என் இரண்டு சேலைகளும் தலையணையும். சேலையின் ஒரு முனை ஐஸ் பிடித்துக் கட்டையாக நின்றது.

இதை அடைத்தது யார் என்று கேட்டார். கேட்டது என்னை அல்ல, பூமணி அன்ரியை. வீட்டுக்காரர் யார் என்று முதலில் கேட்டபோது அன்ரி கையை உயர்த்தியிருந்தா.

அன்ரிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என் பக்கம் திரும்பினா.

"என்ன கேக்கிறார் பிள்ளை?"

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டு பக்கமும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எப்போதோ அடைத்துக் கிடந்தது என்று சொல்லலாம். அங்கிள் ஊரில் இல்லை, அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லலாம். இதெல்லாம் என் மனதில் வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்தான், நேற்று, என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அன்ரியிடம் சொன்னேன்.

"உந்தக் குழாயை ஆர் அடைச்சது எண்டு கேக்கிறார். நான்தான் அன்ரி. அங்கிள் தொட வேண்டாம் எண்டு சொல்லியும் அடைச்சனான்."

அன்ரி என்னைப் பார்த்தா. பிறகு அந்தச் சேலைகளைப் பார்த்தா.

தீயணைப்புக்காரர் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் இதைப் பார்க்கிறோம் என்றார். அந்த நெருப்பு எரியக் காற்று வேண்டும், அதற்குத்தான் குழாய் என்றார். உடுப்பு உலர்த்துகிற மெசின் வீட்டிலிருந்த காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. புதிதாக வர வழியில்லை. அதனால் வீடு புகைபோக்கியால் கழிவு வாயுவைத் திரும்ப உள்ளே இழுத்திருக்கிறது. எளிமையாகத்தான் விளக்கினார். நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவ்வளவு எளிமையாகத்தான் விளக்கியிருப்பேன். பேஸ்மென்றில் யார் இருக்கிறார்கள், எதற்கு இருக்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அம்புலன்ஸ் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு இளம் டொக்டர், பிள்ளை எத்தனை மணியிலிருந்து தூங்கினாள் என்று கேட்டார். பத்து மணி என்றேன். மூன்றரை மணித்தியாலம் என்று எழுதினார். நான் சந்தோஷப்பட்ட மூன்றரை மணித்தியாலம். கன்னம் சிவந்தது அந்த வாயுவால் அல்ல, வீட்டுச் சூட்டால் என்றார். அந்தச் சிவப்பு உண்மையில் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்குமாம். அப்படியானால் என்னை எழுப்பியது ஒரு பிழையான அறிகுறி. இதை நினைத்து நான் எத்தனை நாள் தூங்காமல் இருந்தேன் என்பதை எழுதி உங்களைச் சலிப்பூட்ட விரும்பவில்லை.

இவர் பாதித் தூரம் பஸ்ஸிலும் பாதித் தூரம் நடையிலுமாக வந்து சேர்ந்தார். புருவத்தில் ஐஸ். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. அவர் ஆரணியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கும்தானே தெரியேல்லை" என்றார் கடைசியில். "நான் கண்டிருந்தாலும், இன்னும் இறுக்கி அடையும் எண்டுதான் சொல்லியிருப்பன்."

இந்த அத்தியாயத்தை எழுதவேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். படித்த மனுசி இப்படிச் செய்தாளா என்று சனம் கதைக்கும் என்றார். கதைக்கட்டும். எங்கள் ஆட்கள் எத்தனை பேஸ்மென்றில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வீட்டில் பழைய சேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

பிற்பகல் நித்திரை

மறுநாள் காஸ் கொம்பனி ஆள் வந்து எல்லாவற்றையும் சோதித்து, பேர்னஸை மறுபடி ஏற்றினார். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உள்ளே நுழைந்ததும் நான் பேர்னஸ் அறைக்குத்தான் போனேன். குழாயின் கீழே கையைப் பிடித்தேன். குளிர் இறங்கியது. விரல்கள் விறைக்கும்வரை அப்படியே இருந்தேன்.

பால் குடித்து முடிய, இரண்டு மணிபோல ஆரணி தூங்கினாள். திரும்பி வந்தபின் வீட்டில் அவளுடைய முதல் நித்திரை. வெளியே யாரோ பனி வழிக்கிற சத்தம். தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். மூச்சு சீராக இருந்தது. அந்தச் சீர்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் சீராக இருந்தது.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். பிறகு உள்ளங்காலில் சுண்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பி அழுதாள். தோளில் போட்டுத் தட்டினேன், மறுபடி தூங்கினாள். கிடத்தினேன். பத்து நிமிடம் பொறுத்தேன். மறுபடி சுண்டினேன். இந்த முறை கோபத்தோடு அழுதாள். கால்களால் உதைத்தாள்.

நாலாவது தரமும் அழுகை கேட்க, மேலே படிக்கதவு திறந்தது. ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து பூமணி அன்ரி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தா.

"ஏன் பிள்ளை கத்துறாள்? பசியோ?"

"இல்லை அன்ரி. நித்திரை கொண்டவளை நான்தான் எழுப்பினனான்."

அன்ரி கதவைச் சாத்துவா, அல்லது சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் இப்போது சொல்லுவா என்று பார்த்திருந்தேன். படியில் ஒரு காலடி கேட்டது. இன்னொன்று. கைப்பிடியைப் பிடித்தபடி பாதிப் படியில் வந்து குந்தினா. அங்கிருந்தே ஆரணியைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவள் வாயை அகலத் திறந்து, மூச்சை இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"சரி" என்றா அன்ரி. "அழட்டும்."